அப்பாவுக்கு இரைப்பையில் கேன்சர்: கருவாடுதான் காரணமா? வீட்டில் எல்லாரும் டெஸ்ட் எடுக்கணுமா?

பிரிவு: உடல்நலம் › கடலூர் – புதுச்சேரி

#1 துறைமுகத்தான் (கடலூர் முதுநகர்)

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயசு 61. துறைமுகத்துல மீன் ஏலம் எடுக்குறவரு. தீபாவளிக்கு முன்னாடிலேர்ந்தே ரெண்டு வாய் சாப்பிட்டா வயிறு ரொம்பிடுச்சுன்னு தட்டை நகர்த்திடுவாரு. கேஸ்னு சொல்லி பக்கத்து மெடிக்கல்ல மாத்திரை வாங்கி போட்டுக்கிட்டே இருந்தாரு. போட்டா நல்லா இருக்கும், விட்டா திரும்ப வரும். வேட்டி இடுப்புல நிக்கலைன்னு அம்மா சொன்னப்புறம்தான் பாண்டிக்கு கூட்டிட்டுப் போனோம். எண்டோஸ்கோபி பண்ணி சதை எடுத்தாங்க. இரைப்பைப் புற்றுநோய்னு ரிசல்ட். சி.டி. ஸ்கேன்ல வேற எங்கேயும் பரவல. முதல்ல கீமோ, அப்புறம் ஆபரேஷன்னு சொல்லியிருக்காங்க.

இப்ப வீட்டுல நடக்குற கூத்து வேற. சொந்தக்காரங்க வந்து உக்காந்துகிட்டு கருவாடு தின்னதாலதான் வந்துச்சுங்குறாங்க. அம்மா பரண்ல இருந்த கருவாட்டுப் பானைய தூக்கி வெளிய வெச்சுட்டாங்க. பெரியப்பா மிளகாய்த்தூள்தான் காரணம்ங்குறாரு. அத்தை, கீமோ முதல்ல குடுக்குறாங்கன்னா ஆபரேஷன் பண்ண முடியாத கேஸ்னு சொல்லி அம்மாவ அழ வெச்சுட்டாங்க.

எனக்குத் தெரிய வேண்டியது: இது எதனால வருது? எனக்கும் அண்ணனுக்கும் வருமா? எண்டோஸ்கோபி நாங்களும் பண்ணிக்கணுமா?

#2 வில்லியனூர் வாசி

தைரியமா இருங்க தம்பி. பரவலைன்னு சொன்னதே பெரிய விஷயம்.

கருவாடு விஷயத்துல உங்க சொந்தக்காரங்க சொல்றது சரிதான். உப்புப் போட்ட மீன் புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார அமைப்பே முதல் பட்டியல்ல வெச்சிருக்கு, சிகரெட் இருக்குற அதே பட்டியல். எங்க குடும்ப வாட்ஸாப்ல வந்துச்சு. நாங்க வீட்டுல நிறுத்தி ரொம்ப நாளாச்சு.

#3 அலையடி (தேவனாம்பட்டினம்)

ஆமா சார், வாட்ஸாப்ல வந்தா வேதவாக்கு. எங்க தெருவுல தொண்ணூறு வயசு ஆயா இன்னிக்கும் நெத்திலிக் கருவாடு இல்லாம சோறு எடுக்காது. கருவாடு தின்னா கேன்சர்னா எங்க ஊரே காலியாயிருக்கணும். பாண்டியில மூலைக்கு மூலை சாராயக்கடை, பிராந்திக்கடை. அதப் பத்தி ஒரு வார்த்தை வராது. ஏழைங்க தின்னற பொருளுன்னா மட்டும் உடனே விஷம்.

#4 எண்டோஸ்கோபி ரூம் அக்கா (புதுச்சேரி)

நான் டாக்டர் இல்ல. எண்டோஸ்கோபி அறையில வேலை பாக்குற நர்ஸ். எனக்குத் தெரிஞ்சத சொல்றேன். உங்க அப்பாவுக்கு என்ன செய்யணும்ங்கறத அவர் டாக்டர்தான் சொல்லணும்.

முதல்ல அந்த வாட்ஸாப் சேதி. அந்தப் பட்டியல்ல இருக்குறது சீன முறையில பதப்படுத்துற உப்பு மீன். அதுவும் மூக்குக்குப் பின்னாடி தொண்டையில வர்ற புற்றுநோய்க்காக. இரைப்பைக்காக இல்ல. அதுக்காக அலையடி தம்பி சந்தோஷப்பட வேண்டாம். உப்புல ஊறி பதமான உணவு நிறைய சாப்பிடுறவங்களுக்கு இரைப்பைப் புற்றுநோய் ஆபத்து கூடுதுன்னு நாடு நாடா பாத்திருக்காங்க. அதிக உப்பு இரைப்பையோட உள்தோல அரிக்கும். அங்க கிருமி ஏற்கெனவே இருந்தா அதுக்கு வேலை இன்னும் சுலபமாயிடும்.

அந்தக் கிருமிதான் முக்கியமான ஆளு. பேரு ஹெலிகோபாக்டர் பைலோரி. சுருக்கமா எச்.பைலோரிம்போம். இரைப்பை அமிலத்துலயே குடித்தனம் பண்ணும். பெரும்பாலும் சின்ன வயசுல, வீட்டுக்குள்ள ஒருத்தர்கிட்டேர்ந்து ஒருத்தருக்கு வந்துடும். 1994-லயே இத புற்றுநோய் உண்டாக்குற கிருமின்னு உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆய்வுப் பிரிவு அறிவிச்சாச்சு. வாட்ஸாப்ல சொன்னாங்களே முதல் பட்டியல், அதுல நம்ம நோய்க்குன்னு முக்கியமா இருக்குறது இதுதான்.

உடனே கேன்சர் வர்றதில்ல. முதல்ல இரைப்பையில நாள்பட்ட அழற்சி. வருஷக்கணக்கா அது நீடிச்சா உள்தோல் மெலிஞ்சு போகும். அப்புறம் இரைப்பைத் தோல் குடல் தோல் மாதிரி மாறும். அதுக்கப்புறம் செல்லுங்க கோணலாகும். கடைசியாத்தான் புற்று. இதுக்கு பல வருஷம், சில பேருக்கு இருபது முப்பது வருஷம்கூட ஆகும். நடுவுல எங்கயாவது நின்னுடறவங்கதான் அதிகம்.

மிளகாய் பத்தி பெரியப்பா சொன்னதுக்கு ஒரு வரிதான்: காரம் எரிச்சல் குடுக்கும், ஆனா மிளகாய்தான் இந்த நோய்க்குக் காரணம்னு நிரூபணம் ஆகல.

#5 நெய்வேலி ஓய்வு

சகோதரி சொன்னதோடு சில தகவல்கள் சேர்க்கிறேன். ஓய்வுபெற்ற பிறகு இப்படிப்பட்டவற்றைப் படிப்பதுதான் பொழுதுபோக்கு.

இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தவர்கள் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரைச் சேர்ந்த ராபின் வாரன், பாரி மார்ஷல். 1980-களின் தொடக்கம். அமிலத்தில் கிருமி வாழாது, அல்சர் என்பது கவலையால் வருவது என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த காலம். யாரும் நம்பாததால் 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே கரைத்துக் குடித்தார். சில நாட்களில் வாந்தி, இரைப்பை அழற்சி. 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு.

ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். நம் நாட்டில் வயது வந்தவர்களில் பாதிக்கு மேல் இந்தக் கிருமியைச் சுமக்கிறார்கள். கிருமி இருப்பவர்களில் நூற்றுக்கு ஒன்றிலிருந்து மூன்று பேருக்குத்தான் வாழ்நாளில் புற்றுநோய் வருகிறது. கொசு கடித்தவர்களுக்கெல்லாம் மலேரியா வருவதில்லை என்பது போலத்தான். ஜப்பான், கொரியாவோடு ஒப்பிட்டால் இந்தியாவில் இந்த நோய் குறைவு. அதே இந்தியாவுக்குள் மிசோரமில் மிக அதிகம். அங்கே புகையூட்டிய இறைச்சி, புளிக்கவைத்த பன்றிக் கொழுப்பு, புகையிலைப் புகையை நீரில் கரைத்து வாயில் அடக்கும் பழக்கம் எல்லாம் உண்டு. தென்னிந்தியாவில் சென்னைப் பதிவேட்டில் ஆண்களிடம் முன்னணியில் வரும் புற்றுநோய்களில் இரைப்பையும் ஒன்று. பெண்களைவிட ஆண்களுக்கு ஏறக்குறைய இரு மடங்கு.

உலக அளவில் 2022-ல் சுமார் 9 லட்சத்து 68 ஆயிரம் பேருக்குப் புதிதாக வந்திருக்கிறது. சுமார் 6 லட்சத்து 60 ஆயிரம் பேர் இறந்திருக்கிறார்கள். இந்த இரண்டு எண்களும் இவ்வளவு நெருக்கமாக இருப்பதைப் பாருங்கள். பெரும்பாலானோர் தாமதமாக வருகிறார்கள் என்பது அதிலேயே தெரிகிறது.

இன்னொரு சுவையான விஷயம்: 1930-களில் அமெரிக்காவில் ஆண்களை அதிகம் கொன்ற புற்றுநோய் இதுதான். பிறகு யாரும் பெரிய திட்டம் போடாமலேயே குறைந்தது. வீட்டுக்கு வீடு ஃபிரிட்ஜ் வந்து உப்புக்கண்டம் குறைந்ததும், காய்கறி பழம் வருடம் முழுக்கக் கிடைத்ததும், சுகாதாரம் மேம்பட்டுக் கிருமி குறைந்ததும் காரணம் என்கிறார்கள்.

#6 அலையடி

ஃபிரிட்ஜ் வாங்க காசு குடுத்தா நாங்களும் கருவாட்ட விட்டுடுறோம் சார் 😀

சும்மா சொன்னேன். அக்கா, அப்ப கருவாடு தின்னலாமா கூடாதா? நேரா சொல்லுங்க.

#7 எண்டோஸ்கோபி ரூம் அக்கா

தின்னலாம். தினம் வேண்டாம். நம்ம ஆயாங்க வெந்நீர்ல ஊறப்போட்டு நாலு தண்ணி மாத்திக் கழுவி குழம்பு வெப்பாங்க. அதுல உப்பு நிறைய போயிடும். இப்ப பசங்க அப்படியே எண்ணெயில பொரிச்சு, அதுக்குத் தொட்டுக்க ஊறுகாய், சோத்துலயும் உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புதான் வரம்பு, ஒரு டீஸ்பூன். நம்ம சராசரி அதுக்கு ரொம்ப மேல. கருவாட்ட மட்டும் குத்தம் சொல்லிட்டு அப்பளம், ஊறுகாய், மிக்சர மறந்துடறோம்.

பானைய தூக்கி வெளிய வெச்சதால ஒண்ணும் ஆகப்போறதில்ல. அம்மாவ குத்தவாளி ஆக்காதீங்க. அவங்க சமைச்சதால அப்பாவுக்கு வந்துடல.

சாராயம் பத்தி தம்பி கேட்டது நியாயமான கேள்விதான். புகைபிடிக்கிறது இரைப்பைப் புற்றுநோய்க்கு நிரூபணமான காரணம். தினம் நிறைய குடிக்கிறதும் ஆபத்தக் கூட்டும். இத யாரும் குடும்ப குரூப்ல அனுப்ப மாட்டாங்க.

கீமோ பத்தி அத்தை சொன்னது தப்பு. ஆபரேஷன் பண்ண முடியிற கேஸ்லதான் இப்படி முன்னாடி கொஞ்சம் கீமோ குடுக்குறாங்க. கட்டி சுருங்கும், கண்ணுக்குத் தெரியாம தப்பிச்ச செல்லுங்களையும் பிடிக்கும். ஒரு முறையில ரெண்டு வாரத்துக்கு ஒண்ணுன்னு நாலு தடவை, அப்புறம் அறுவை, மறுபடி நாலு. முதல்லயே வெட்டுறதவிட இப்படிச் செஞ்சவங்க அதிக காலம் இருக்காங்கன்னு பாத்த பிறகுதான் இது வழக்கமாச்சு. இத அம்மாகிட்ட இன்னிக்கே சொல்லுங்க.

#8 மெடிக்கல் மணி (பண்ருட்டி)

நான் மருந்துக்கடை வெச்சிருக்கேன். முதல் பதிவுல மெடிக்கல்ல மாத்திரை வாங்கினதா வந்துச்சு. அடுத்து எல்லாரும் எங்க தலையில ஏறுவீங்கன்னு தெரியும், அதான் முன்னாடியே வந்துட்டேன்.

நாங்க குடுக்கலைன்னா பக்கத்துக் கடையில வாங்குவாங்க. டாக்டர்கிட்ட போங்கன்னா, அவருக்கு ஃபீஸ், டோக்கன், பாதி நாள் கூலி போயிடும்பாங்க. பலாப்பழ சீசன்ல சாயங்காலம் வந்து நின்னு, அண்ணே ஒரு கேஸ் மாத்திரைம்பாங்க. ஒவ்வொருத்தருக்கும் எண்டோஸ்கோபி எழுத முடியுமா? அதோட பேன்டோப்ரசோல், ஒமிப்ரசோல் எல்லாம் கேன்சர் மாத்திரை இல்ல. ரானிடிடின்ல ஒரு கலப்படப் பொருள் உருவாகுதுன்னு 2020-ல அமெரிக்காவுல நிறுத்தினாங்க, இங்கயும் 2022-ல அத்தியாவசிய மருந்துப் பட்டியல்லேர்ந்து எடுத்துட்டாங்க. அது வேற கதை.

#9 எண்டோஸ்கோபி ரூம் அக்கா

மணி அண்ணே, உங்க மேல கோபம் இல்ல. மாத்திரை கேன்சர் உண்டாக்குதுன்னும் நான் சொல்லல. பிரச்சினை வேற.

இரைப்பையில புற்று ஆரம்பிக்கும்போது மேல ஒரு புண் இருக்கலாம். அமிலம் பட்டு எரியும், அதனாலதான் வலி. நீங்க குடுக்குற மாத்திரை அமிலத்தக் குறைக்கும். வலி போயிடும். கொடுமை என்னன்னா, அந்தப் புற்றுப் புண்ணே மேலாக ஆறின மாதிரி மூடிக்கும். அடியில அது பாட்டுக்கு வளரும். அந்த நேரத்துல எண்டோஸ்கோபி பண்ணாக்கூட கண்ணுக்குத் தப்பிடலாம். மாத்திரையில சரியாயிடுச்சுங்கறத வெச்சு கேன்சர் இல்லைன்னு முடிவு பண்ண முடியாது. எங்க அறைக்கு முத்தின நிலையில வர்றவங்ககிட்ட என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்டா பெரும்பாலும் கருவாடுன்னு சொல்ல மாட்டாங்க. கேஸ் மாத்திரை சாப்பிட்டேன்னுதான் சொல்வாங்க.

அதனால கடையில நிக்குறப்ப நீங்க செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு. இருபத்தஞ்சு வயசுப் பையன் பிரியாணி தின்னுட்டு வந்து கேட்டா குடுத்து அனுப்புங்க. ஆனா அம்பதை நெருங்கினவரு, இதுக்கு முன்னாடி இந்தத் தொந்தரவே இல்லாதவரு, ரெண்டு மூணு வாரமா திரும்பத் திரும்ப வந்து அதே அட்டைய வாங்கினா, இந்த நாலு கேள்வி கேளுங்க: உடம்பு இளைச்சிருக்கா? கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைஞ்சுடுதா? மலம் தாரு மாதிரி கறுப்பாப் போகுதா? முழுங்கும்போது அடைக்குதா, வாந்தி வருதா? ஒண்ணுக்கு ஆமான்னாலும் மாத்திரை குடுக்காதீங்க, எண்டோஸ்கோபின்னு ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும், அதையும் கேட்டுக்குங்க.

இதோட, காரணம் தெரியாத ரத்தசோகை. பொம்பளைங்களுக்கு மாதவிடாய் காரணமா இருக்கலாம். அம்பது தாண்டின ஆம்பளைக்கு ஹீமோகுளோபின் எட்டுன்னா எங்கயாவது ரத்தம் கசியுதான்னு பாக்கணும். கீரை சாப்பிடச் சொல்லி அனுப்பக் கூடாது.

#10 மெடிக்கல் மணி

இது நியாயம். சீட்டு எழுதறது முடியும்.

#11 குடிகாடு பார்வை (கடலூர்)

எல்லாரும் கருவாடு, மாத்திரைன்னு பேசறீங்க. சிப்காட் தொழிற்பேட்டை காத்தையும் தண்ணியையும் யாரும் பேசலையே? எங்க பக்கம் வந்து ராத்திரி மூச்சு விட்டுப் பாருங்க.

#12 நெய்வேலி ஓய்வு

உங்கள் கோபம் புரிகிறது. அந்தப் பகுதி மாசு பற்றித் தனி இழையே வேண்டும், தொடங்குங்கள், நானும் வருகிறேன். ஆனால் எந்த ரசாயனம் எந்த உறுப்பைத் தாக்கும் என்பது வேறுவேறு. பென்சீன் என்றால் ரத்தப் புற்றுநோய். வினைல் குளோரைடு என்றால் கல்லீரல். எல்லாவற்றையும் இரைப்பைக் கணக்கில் எழுதினால், நாளை ஆலைக்காரர்களே அதை மறுத்துவிட்டுத் தப்பித்துக்கொள்வார்கள். குற்றச்சாட்டு கூர்மையாக இருக்க வேண்டும்.

#13 நெறியாளர்

ஒரு பதிவு நீக்கப்பட்டது. "மூன்றே மாதத்தில் மூலிகையால் புற்று கரையும்" என்று கைபேசி எண் போட்டிருந்தார். இனி போட்டால் கணக்கு முடக்கப்படும்.

#14 முந்திரிக்காட்டு அம்மா (பண்ருட்டி)

துறைமுகத்து தம்பிக்கு. எங்க வீட்டுக்காரருக்கு இதே நோய்தான் வந்துச்சு. முழு இரைப்பையையும் எடுத்துட்டாங்க. அப்படி எடுத்தா மனுசன் எப்படி சாப்பிடுவான்னு அப்ப நான் தினம் அழுவேன். உணவுக்குழாயையே குடலோட தெச்சுடுறாங்க. இன்னிக்கு எங்க வீட்டுக்காரரு தோப்புக்குப் போயிட்டு வர்றாரு.

ஆனா சாப்பாட்டு முறையே மாறிடும். மூணு வேளைங்கறது போய் கொஞ்சம் கொஞ்சமா ஆறு ஏழு வேளை. சாப்பிடும்போது தண்ணி குடிக்கக் கூடாது, முன்ன பின்ன குடிக்கணும். இனிப்பா எதாவது சட்டுனு சாப்பிட்டா படபடன்னு வேர்த்து, மயக்கமா வந்து, வயித்தால போகும். பாயசம் வெச்ச அன்னிக்குத்தான் எங்களுக்கு இது புரிஞ்சுது. சாப்பிட்ட உடனே படுக்கக் கூடாது. பி12 ஊசி ஆயுசுக்கும் போடணும், இரைப்பை இல்லைன்னா அந்தச் சத்து உடம்புல ஒட்டாதாம். இத நிறைய பேரு ஒரு வருஷத்துல விட்டுடுறாங்க, அப்புறம் கால் மரத்துப் போச்சுன்னு வருவாங்க. விட்டுடாதீங்க.

எடை போகும். பயந்துடாதீங்க. கீமோ நடக்கும்போதே முட்டை, பயறு, மீன்னு குடுத்து உடம்பத் தேத்தி வைங்க. கருவாடுதான் வேண்டாம்னு சொன்னாங்களே தவிர மீனை யாரும் வேண்டாம்னு சொல்லல. பத்தியம்னு கஞ்சி மட்டும் ஊத்திக் கொன்னுடாதீங்க.

#15 துறைமுகத்தான்

அம்மா, இத எங்கம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். ஒண்ணும் பேசல, ஆனா சாயங்காலம் சங்கரா மீன் வாங்கிட்டு வரச் சொன்னாங்க.

அக்கா, இப்ப எங்க விஷயம். எனக்கு 29. அண்ணனுக்கு 36, சிகரெட் உண்டு, வாரக்கடைசி பாண்டி உண்டு. அவனுக்கும் அப்பப்ப நெஞ்செரிச்சல், மாத்திரை போடுறான். எண்டோஸ்கோபின்னா குழாய் விடுவாங்கன்னு ஓடுறான். ரத்தத்துல ஒரு டெஸ்ட் இருக்காமே, அது போதுமா?

#16 எண்டோஸ்கோபி ரூம் அக்கா

அப்பா, அம்மா, கூடப் பொறந்தவங்க யாருக்காவது இது இருந்தா மத்தவங்களுக்கு ஆபத்து ரெண்டு மூணு மடங்கு கூடும். மடங்குன்னதும் பயப்படாதீங்க, அடிப்படை எண்ணே சின்னது. நேரா ஒரு மரபணுக் கோளாறால குடும்பத்துல இறங்கி வர்றது நூத்துல ஒண்ணு ரெண்டு மூணு பேருக்குத்தான். ஒரே குடும்பத்துல நிறைய பேரு, அதுவும் சின்ன வயசுலயே வந்திருந்தா டாக்டர்கிட்ட அதச் சொல்லணும். உங்க வீட்டுல அப்பா மட்டும்தானே?

நீங்க செய்ய வேண்டியது எச்.பைலோரி இருக்கான்னு பாக்கறது. இருந்தா ஒழிக்கறது. இதுக்கு நல்ல ஆதாரம் இருக்கு. உங்களப் போல, அப்பா அம்மா அண்ணன் தம்பிக்கு இரைப்பைப் புற்றுநோய் வந்தவங்கள வெச்சே கொரியாவுல ஒரு ஆய்வு நடத்தி 2020-ல வெளியிட்டாங்க. கிருமிக்கு மருந்து குடுத்த கூட்டத்துல ஒன்பது வருஷம் போல கவனிச்சதுல 1.2 சதவீதம் பேருக்கு நோய். மருந்தே இல்லாத வெறும் மாத்திரை குடுத்த கூட்டத்துல 2.7 சதவீதம். பாதிக்கு மேல குறைஞ்சுது.

ரத்த டெஸ்ட் வேண்டாம். அது எப்பவோ வந்து போன கிருமியையும் இருக்குன்னு காட்டும். ஊதிப் பாக்குற டெஸ்ட், இல்லாட்டி மலத்துல பாக்குற டெஸ்ட் எடுங்க. உங்க அண்ணன் கேஸ் மாத்திரைய ரெண்டு வாரம் நிறுத்திட்டுத்தான் எடுக்கணும். ஆன்டிபயாடிக் எதாவது சாப்பிட்டிருந்தா நாலு வாரம் தள்ளணும். இத யாரும் சொல்லாம எடுத்துட்டு, கிருமி இல்லைன்னு ரிசல்ட் வாங்கி நிம்மதியா போறவங்க நிறைய.

கிருமி இருந்தா பதினாலு நாள் மருந்து. ரெண்டு மூணு ஆன்டிபயாடிக், கூட அமில மாத்திரை. வாய் கசக்கும், குமட்டும், பாதியில நிறுத்தினா கிருமி மருந்துக்குப் பழகிடும். முடிச்சு நாலு வாரம் கழிச்சு மறுபடி டெஸ்ட் பண்ணி போயிடுச்சான்னு பாக்கணும். நம்ம ஊர்ல இந்தக் கடைசி டெஸ்ட்ட நிறைய பேரு செய்யறதே இல்ல.

அண்ணனுக்குத் தொந்தரவும் இருக்கு, அப்பாவுக்கும் வந்திருக்கு, சிகரெட்டும் இருக்கு. அவர் ஒரு தடவை எண்டோஸ்கோபி பண்ணிக்கறதுதான் நல்லது. அதுலயே சின்ன சதை எடுத்து கிருமியையும் பாத்துடலாம். ராத்திரி சாப்பாட்டோட நிறுத்தி வெறும் வயித்துல வரணும். தொண்டையில மரத்துப் போற ஸ்ப்ரே அடிப்போம். பத்து நிமிஷத்துக்குள்ள முடிஞ்சுடும். குமட்டும், கண்ணுல தண்ணி வரும், வலிக்காது. மூக்கால மூச்சு விட்டுக்கிட்டு இருந்தா போதும். ரொம்பப் பயந்தா மயக்க ஊசி போட்டுப் பண்ணச் சொல்லலாம், அப்ப கூட ஒரு ஆளு வரணும், அன்னிக்கு வண்டி ஓட்டக் கூடாது.

#17 வில்லியனூர் வாசி

அப்படின்னா எல்லாருமே வருஷா வருஷம் எண்டோஸ்கோபி பண்ணிக்கலாமே அக்கா?

#18 எண்டோஸ்கோபி ரூம் அக்கா

வேண்டாம். கொரியாவுல நாப்பது வயசுலேர்ந்து ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பண்றாங்க, ஜப்பான்லயும் இருக்கு. அங்க நோய் அவ்வளவு அதிகம். நம்ம அரசாங்கம் வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் மூணுக்குத்தான் பொதுப் பரிசோதனை வெச்சிருக்கு, இங்க அதுங்கதான் அதிகம். தொந்தரவு இல்லாதவங்க வரிசையில நின்னா, அறிகுறியோட வர்றவருக்கு இடம் கிடைக்காது.

#19 துறைமுகத்தான்

அண்ணன் சம்மதிச்சுட்டான். மயக்க ஊசி கண்டிஷன்ல. மாத்திரைய இன்னியிலேர்ந்து நிறுத்தறான். செலவுதான் யோசனை. அப்பாவுக்கே இன்னும் எவ்வளவு ஆகும்னு தெரியல.

#20 முந்திரிக்காட்டு அம்மா

அப்பாவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கா பாருங்க. குடும்பத்துக்கு வருஷம் அஞ்சு லட்சம் வரைக்கும் உண்டு. இல்லைன்னா கடலூர் கலெக்டர் ஆபீஸ்ல ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று குடுத்து எடுக்கலாம். எந்த ஆஸ்பத்திரியில எந்த அட்டை செல்லும்னு அட்மிஷனுக்கு முன்னாடியே காப்பீட்டு கவுன்ட்டர்ல கேட்டுடுங்க. வைத்தியம் ஆரம்பிச்ச பிறகு கேட்டா அலைய விடுவாங்க.

#21 எண்டோஸ்கோபி ரூம் அக்கா

புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு வர்றதா இருந்தா ஞாயித்துக்கிழமை ஓ.பி. கிடையாது, அரசு விடுமுறையும் பாத்துக்குங்க. காலையிலேயே கோரிமேடு வந்துடணும். அப்பாவோட பயாப்ஸி பேப்பர், சதைய வெச்ச மெழுகுக் கட்டி, சி.டி. படம் எல்லாத்தையும் எடுத்து வாங்க. மெழுகுக் கட்டிய பரிசோதனை பண்ணின லேப்ல கேட்டா குடுப்பாங்க. புற்று செல்லுல ஹெர்2ங்கற புரதம் அதிகமா இருக்கான்னு டெஸ்ட் பாக்கணும்னா அதுலேர்ந்தே பாத்துக்கலாம், திரும்ப குழாய் விட வேண்டியதில்ல. அண்ணனுக்குத் தனி சீட்டு போடணும், அப்பா சீட்டுல சேர்த்துப் பாக்கச் சொல்லிக் கேக்காதீங்க.